இரண்டு சூரியன்

கபிட்டான் ஆந்திரேவோ எல்லைச் சாவடி.
முன்னால் எத்தனை லாரி என்று
எண்ணுவதை நேற்றே விட்டுவிட்டேன்.
புகையை விட்டுப் பதினோரு நாள்.
கைக்கு வேலையில்லை.
பெட்ரோல் பங்கில் சூயிங்கம் வாங்கப் போனேன்,
பக்கத்து டப்பாவில் பென்சில்கள் நின்றன.
ஒரு எச்.பி., ஒரு ஃபோர் பி.
ஏன் வாங்கினேன் என்று கேட்காதீர்கள்.

சரக்குச் சீட்டின் பின்பக்கம்தான் தாள்.
முதல் தாள் கிழிந்தது.
கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவனின் பிடி,
அவ்வளவு அழுத்தம்.
அப்புறம்தான் விரல்களுக்கு ஞாபகம் வந்தது:
சிகரெட்டை யாரும் இப்படி நெரிப்பதில்லை.
தளர்த்தினேன்.
மணிக்கட்டு ஓய்வெடுக்க
தோளிலிருந்து இறங்கி வந்தது கோடு.
ஒரே இழுப்பில் சரியாக வர வேண்டும் என்று
யார் சட்டம் போட்டது?
வெளிறிய கோடு பத்து இழுத்தேன்.
ஏழாவது லாரியைப் போல இருந்தது.
அதை மட்டும் கறுப்பாக்கினேன்.

முன்னால் நிற்பது வைடோதாஸின் வண்டி,
கவுனாஸ் ஊர்க்காரன்.
தார்ப்பாயில் ஏழு எலுமிச்சை அச்சிட்டிருக்கும்.
அச்சிட்டவனே நிழலும் போட்டுவிட்டான்;
அந்தப் பழங்களுக்கு எப்போதும் காலை ஒன்பது மணி.

கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி,
பென்சில் நுனியிலிருந்து கட்டைவிரல் வரை அளந்தேன்:
பின்கதவு உயரம் ஒன்று, அகலம் முக்கால்.
பக்கக் கண்ணாடியில் பார்த்துவிட்டு இறங்கி வந்தான்.
"எனக்கு எதற்குக் கட்டைவிரல் காட்டுகிறாய்?"
தாளைக் காட்டினேன்.
"என் வண்டி இவ்வளவு கோணலா?"
"சாலை கோணலாக இருக்கலாம்" என்றேன்.
நம்பவில்லை. ஆனாலும் பாதி ரொட்டி தந்தான்.

ரப்பர் வாங்க மறந்திருந்தேன்.
ரொட்டியின் நடுச்சதையைப் பிசைந்து உருட்டி
கோணலின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தேன்,
தேய்க்காமல். தேய்த்தால் தாள் பஞ்சாகிறது.
மிச்ச ரொட்டியைத் தின்றேன்.
லேசாகக் கரி ருசித்தது.

டயருக்கு ஃபோர் பி.
சாய்ந்த கோடுகள், தூறல் மாதிரி, ஒரே பக்கமாக;
அதன் மேல் குறுக்கே இன்னொரு தூறல்;
மட்கார்டுக்கு அடியில் மூன்றாவது,
அங்கே பகலிலும் ராத்திரிதான்.

வரிசை நகரும். இருபது மீட்டர்.
பிரேக் போட்டதும் மறுபடி தாள்.
சாவடிக் கூரை ஒவ்வொரு நகர்விலும் வளர்கிறது,
என் தாளில் அது இன்னும் நேற்றைய குழந்தைக் கூரை.
அழித்துப் பெரிதாக்கினேன்.
மறுபடி நகர்ந்தது.
மூன்றாம் தடவை கூரையைத் தொடவில்லை;
கூரைக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவே
மாட்டிக்கொண்டிருந்த வானத் துண்டை வரைந்தேன்.
கூரை தானாக உட்கார்ந்தது.

மறுநாள் சாயங்காலம் கூண்டருகே போய்ச் சேர்ந்தபோது
அதிகாரியின் சட்டைப் பட்டையில் நெவ்சாத் என்றிருந்தது.
"இங்கே படம் எடுக்கக் கூடாது."
"எடுக்கவில்லை. போட்டேன்."
சீட்டைத் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார்.
பின்னால் ஹாரன்கள்.
"உன் ஊரில் எத்தனை சூரியன்?"
குனிந்தேன்.
டயரின் நிழல் மேற்கே விழுந்திருந்தது,
கூண்டின் நிழல் கிழக்கே.
காலையில் டயர், மாலையில் கூண்டு.
வெளிச்சம் எந்தப் பக்கம் என்று
முதலிலேயே ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டிருக்கலாம்.
"முப்பது மணி நேரம் வரைந்தேன்" என்றேன்.
அந்த முப்பது யாரால் என்று சொல்லவில்லை.

திருப்பித் தரும்போது
முத்திரை மை ஒட்டிய அவர் கட்டைவிரல்
சாலையின் நடுவில் பதிந்தது, நீலமாக.
பதறித் துடைத்தார். இன்னும் பரவியது.
மழை தேங்கிய சாலை மாதிரி ஆகிவிட்டது,
எனக்கு வராத ஒன்று.
ரொட்டியால் ஒற்றிப் பார்த்தேன், ஒரு மரியாதைக்கு.
மை போகவில்லை.

கட்டை உயர்ந்தது.
எதிர்னேயில் முதல் கடையில் நிறுத்தி
ரப்பர் இருக்கிறதா என்று கேட்டேன்.
இல்லையாம்.
சிகரெட் இருக்கிறதாம்.